கடலும் தண்டவாளமும்

நீகோவை நாங்கள் முதலில் பார்த்தபோது அவன் ஒரு கடற்கொள்ளையர் கப்பலில் எடுபிடி வேலை செய்யும் பையன். காகிதத்தில் வெட்டிய பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அதுவரை நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். 2007-இல் வெளிவந்த ‘லெஜண்ட் ஆஃப் செல்டா: ஃபேன்டம் ஹவர்கிளாஸ்’ அப்படித்தான் தொடங்கும். 2009 டிசம்பரில் அதன் தொடர்ச்சியாக ‘ஸ்பிரிட் டிராக்ஸ்’ வந்தது. அதையும் படம் காட்டித் தொடங்கி வைப்பவன் நீகோதான். ஆனால் அதற்குள் அவன் கிழவனாகிவிட்டிருந்தான். ஆட்டத்துக்குள் நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவனோடு கப்பலில் இருந்தவர்களில் ஒருவரும் இல்லை. புது நாடு, புது மக்கள், லிங்க் என்ற அதே பெயரில் ஒரு புது நாயகன். பழைய கடலை நினைவில் வைத்திருக்கும் ஒரே ஆள் அபோடா கிராமத்தில், அந்தச் சிறுவனோடு ஒரே வீட்டில் இருக்கும் இந்தக் கிழவன்தான்.

முதல் ஆட்டம் வந்தபோது தம்பி ஆரம்பப் பள்ளியில் இருந்தான். இரண்டாவது எங்கள் கைக்கு வந்தபோது அவனுக்குக் குரல் உடையத் தொடங்கியிருந்தது. இரண்டரை ஆண்டுகள்தான். ஆனால் அந்த வயதில் இரண்டரை ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்பது இப்போதுதான் புரிகிறது. அதனால்தானோ என்னவோ, இந்த இரண்டு ஆட்டங்களையும் தனித்தனியாக நினைக்க எனக்கு வருவதில்லை. ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே வந்துவிடும்.

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்த வெள்ளை நிற நின்டெண்டோ டிஎஸ் லைட் அது. புத்தகம் போலத் திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த்திரை தொட்டால் உணரும். ஓரத்தில் செருகியிருக்கும் சின்னக் குச்சியை உருவி எடுத்து அதில் எழுதலாம். ஃபேன்டம் ஹவர்கிளாஸை இயக்கிய டைக்கி இவாமோட்டோவும், செல்டா வரிசைக்குப் பொறுப்பாளரான எய்ஜி அயோனுமாவும் அந்தக் குச்சியை முழுமூச்சாக நம்பினார்கள். லிங்க்கை நடக்க வைக்கப் பொத்தானே கிடையாது. குச்சியை எங்கே வைக்கிறோமோ அங்கே ஓடுவான். வாள் வீச ஒரு கீற்று. பூமராங் எறிய வேண்டுமென்றால் அது போகவேண்டிய வழியை நாமே வளைத்து வளைத்து வரைய வேண்டும். தூணைச் சுற்றி, சுவருக்குப் பின்னால் போய், விளக்கைத் தட்டிவிட்டுத் திரும்பும்படி ஒரு கோடு. வரைந்து முடித்துக் குச்சியை எடுத்ததும் அந்தக் கோட்டிலேயே பூமராங் போகும். கை நினைத்ததைத் திரை அப்படியே செய்த முதல் அனுபவம் எனக்கு அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே வரைபடம். மேல்திரையில் இருக்கும் வரைபடத்தை ஒரு தொடுதலில் கீழே இறக்கி, அதன்மேல் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பொறி எங்கே, புதையல் எங்கே, எந்த வரிசையில் நெம்புகோல்களை இழுக்க வேண்டும் என்றெல்லாம் குறித்துக்கொள்ளச் சொல்லி ஆட்டமே கேட்கும். இதில் எங்களுக்குக் கிடைத்த இன்பம் ஆட்டத்தைச் செய்தவர்கள் நினைத்தே பார்த்திராதது. அந்தக் காலத்தில் எங்கள் கையில் இருந்த எந்தப் பொருளும் தமிழ் அறியாது. போனில் தமிழ் எழுத்து வராது, வந்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்த வரைபடமோ எழுத்து என்று எதையும் கேட்கவில்லை, கோடுகளை மட்டும்தான் கேட்டது. எனவே தம்பி தமிழிலேயே எழுதினான். ‘இங்க போகாத’, ‘பொம்ம நிக்குது’, ‘அக்கா இத உடை’. கோணல்மாணலான எழுத்து. ‘உ’னாவுக்கு மேல் ‘டை’ ஏறி உட்கார்ந்திருக்கும். யப்பானியர்கள் செய்த ஒரு கடலில், மெர்கே தீவின் கரையோரம், எங்கள் வீட்டுப் பேச்சு அப்படியே கிடந்தது.

ஒரு தீவுக்கு வரைபடமே இருக்காது. நாம்தான் அதன் கரையோரமாக நடந்து நடந்து வடிவத்தை வரைய வேண்டும். வரைந்து முடித்துப் பார்த்தால் அது ஒரு திமிங்கிலம். தம்பி அதற்கு ஒரு கண் வைத்துச் சிரிக்கவும் வைத்தான். தென்கிழக்குக் கடலில் இன்னொரு தீவு, நாங்கள் கையில் பிடித்திருந்த டிஎஸ் கருவியின் வடிவத்திலேயே இருக்கும். அதைக் கண்டுபிடித்த நாளில் அவன் வீடு முழுக்க ஓடினான்.

ஃபேன்டம் ஹவர்கிளாஸைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குறை சொல்வது ஒன்றைத்தான்: கடலரசன் கோயில். அந்த ஒரு கோயிலுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். உள்ளே காற்றே நஞ்சு. மணற்கடிகையில் மணல் இருக்கும்வரைதான் உயிர். தொடக்கத்தில் 10 நிமிடம். மணல் தீர்ந்தால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். உள்ளே உலாவும் கவச வீரர்கள்தான் ஃபேன்டம்கள். எவ்வளவு வெட்டினாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணில் பட்டால் துரத்துவார்கள், பிடித்தால் ஒரே வெட்டு. ஆங்காங்கே தரையில் நிறம் மாறிய சில இடங்கள் மட்டும் அடைக்கலம். அங்கே நின்றால் மணல் இறங்காது, ஃபேன்டம்களுக்கும் நாம் தெரியமாட்டோம். தீவுகளுக்குப் போய் ஒரு புதுக் கருவியோடு திரும்பி வந்தால் இன்னும் சில தளங்கள் கீழே இறங்கலாம். ஆனால் இறங்கும் வழியெல்லாம் ஏற்கனவே இறங்கிய தளங்கள்தான். பாதியில் ஒரு குறுக்குவழி உண்டென்றாலும், அலுப்புத் தட்டுகிறது என்று பலரும் சொன்னார்கள்.

அந்தக் கோயில்தான் அந்த ஆட்டத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். முதல் முறை போகும்போது ஒவ்வொரு மூலையும் பயம். நான் குச்சியைப் பிடித்திருப்பேன். தம்பி என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு மேல்திரையைப் பார்த்துக் காவல் சொல்லுவான். “க்கா, வர்றான், வர்றான், நில்லு. இப்ப போ.” அவன் குரல் தாழ்ந்து போகும், உள்ளே இருக்கும் கவச வீரனுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல. நாலாவது ஐந்தாவது முறை போகும்போது அதே தளம் எங்கள் தெருவாகிவிட்டது. எந்தச் சாடியை உடைத்தால் சில விநாடி மணல் கிடைக்கும், எந்தச் சுவரில் குண்டு வைத்தால் குறுக்கே போகலாம், எவன் எந்தத் திருப்பத்தில் திரும்புவான் என்று எல்லாம் தெரியும். முன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்த இடத்தைப் பின்னால் வந்த கருவி ஒன்றால் நொடியில் கடந்துவிடுவோம். கடைசியில் ஃபேன்டம்களையே வீழ்த்தும் வாள் கைக்கு வரும். அத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து போன தாழ்வாரத்தில் அன்று நிமிர்ந்து நடந்தோம். ஒரே இடத்துக்குப் பலமுறை போனால் ஒழிய அந்தச் சுகம் கிடைக்காது. புதுப்புது இடமாகக் காட்டிக்கொண்டே போகும் ஆட்டங்கள் எவ்வளவோ வந்துவிட்டன. ஓர் இடத்தோடு நம்மைப் பழகவிட்ட ஆட்டங்கள் குறைவு.

அதே கோயிலில்தான் அந்தப் புதிரும். மேல்திரையில் ஒரு முத்திரை. கீழ்த்திரையில் கடல் வரைபடம். முத்திரையை வரைபடத்தில் பதி என்கிறது கல்வெட்டு. தேய்த்துப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம், முத்திரையைப் பார்த்து வரைந்தும் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து தோசை ஆறுகிறது என்று மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் குரலில் இருந்த சூட்டுக்குப் பயந்து படக்கென்று கருவியை மூடி வைத்துவிட்டு ஓடினோம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து திறந்தால், முத்திரை வரைபடத்தில் பதிந்திருக்கிறது. மேல்திரை கீழ்த்திரையின்மேல் படிந்ததே அச்சுக் குத்துவது. விடை பொத்தானிலோ குச்சியிலோ இல்லை, கருவியின் கீலில் இருந்தது. ஒரு பொருளின் உடம்பையே புதிராக்கிய அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

மைக்கையும் விட்டுவைக்கவில்லை. விளக்குகளை வாயால் ஊதி அணைக்க வேண்டும். பீரங்கித் தீவில் ஒரு கிழவன், கடலடியிலிருந்து புதையல் தூக்கும் கருவியை விற்பான். எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று கத்திக் காட்டு என்பான். எவ்வளவு உரக்கக் கத்துகிறோமோ அவ்வளவு விலை குறையும். மத்தியான நேரம், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் போர்வைக்குள் நுழைந்துகொண்டு கத்தினோம்.

லைன்பெக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. நீராவிக் கப்பலின் சொந்தக்காரன். வாயைத் திறந்தால் வீரம், ஆபத்து வந்தால் பெட்டிக்குள் ஒளிவான். புதையலுக்காகத்தான் உடன் வருகிறான். சிலையாகிப்போன கொள்ளையர் தலைவி டெட்ராவை மீட்க லிங்க் எவ்வளவு துடிக்கிறானோ, அவ்வளவு துடிப்பு இவனுக்குத் தங்கத்தின்மேல். ஆனால் கடைசிப் போரில், நடுங்கிக்கொண்டே வாளை எடுப்பவனும் இவன்தான். எல்லாம் முடிந்து கடலரசன் வரம் கேட்கச் சொல்லும்போது அவன் புதையல் கேட்பதில்லை. மூழ்கிப்போன தன் கப்பலைக் கேட்கிறான். தம்பிக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

பிறகு ரயில் வந்தது.

அயோனுமா தன் மகனுக்குப் படித்துக் காட்டிய ஒரு படப்புத்தகம், குழந்தைகள் தண்டவாளம் போட்டுக்கொண்டே போகும் கதை, அதிலிருந்துதான் ரயில் யோசனை பிறந்ததாம். ஸ்பிரிட் டிராக்ஸில் லிங்க் ரயில் ஓட்டக் கற்றவன். அரண்மனையில் செல்டா இளவரசியின் கையால் எஞ்சின் டிரைவர் சான்றிதழ் வாங்கப் போகிறான். அதற்குள் நாடெங்கும் தண்டவாளங்கள் மறையத் தொடங்குகின்றன. மந்திரி கோல், பூட்டி வைத்த அரக்கனுக்கு உடம்பு வேண்டி இளவரசியின் உடலைக் கவர்ந்துகொண்டு போய்விடுகிறான். ஆவியாகத் தனித்து நிற்கும் செல்டாவை லிங்க்கின் கண் காண்கிறது.

கடலில் நாம் வரைந்த கோடெல்லாம் வழி. ரயிலுக்கு அந்த உரிமை கிடையாது. இருக்கும் தண்டவாளத்தில் எந்தக் கிளையில் திரும்புவது என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்கலாம். எனக்கு முதலில் அது பெரிய ஏமாற்றம். தம்பிக்கோ அதுதான் பிடித்துப்போனது. வேகத்துக்கு ஒரு நெம்புகோல், கூவ ஒரு கயிறு. தண்டவாளத்தில் மாடு நின்றால் கூவி விரட்டவேண்டும். பேய் ரயில் எதிரே வந்தால் கிளை மாறிப் பதுங்கவேண்டும், மோதினால் ஆட்டமே முடிந்தது. பயணி ஏறினால் இன்னும் கடினம். ஓரத்தில் நட்டிருக்கும் பலகை சொன்னபடி கூவ வேண்டும், வேகம் குறைக்க வேண்டும், பிளாட்பாரத்தைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். தவறினால் பயணியின் முகம் சுருங்கும். தம்பி அதை வேலையாகவே எடுத்துக்கொண்டான். பயணி இருக்கும்போது என்னிடம் பேசமாட்டான். கிராமத்துக்காரர்களுக்கு ஏதாவது ஒரு காரியம் செய்து கொடுத்தால் அவர்கள் மகிழ்ச்சியிலிருந்து ஒரு மணி பிறக்கும், அதிலிருந்து மறைந்த தண்டவாளம் ஒரு துண்டு திரும்ப முளைக்கும். கோரன் என்ற இனத்தாரின் ஊருக்குப் பனிக்கட்டி ஏற்றிப்போன பயணம் நன்றாக நினைவிருக்கிறது. வழியில் நேரமானால் உருகும். அவன் வியர்த்துக்கொண்டு ஓட்டினான், பனிக்கட்டி அவன் மடியில் இருப்பதைப்போல.

அந்த ஆட்டத்தில் ஒரு குழல் உண்டு. திரையில் குழலை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே மைக்கில் ஊத வேண்டும். ஒவ்வொரு நிலப்பகுதியிலும் லோகோமோ எனப்படும் காவலர் ஒருவரோடு சேர்ந்து வாசித்தால்தான் அடுத்த வழி திறக்கும். எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் காற்றே மைக்கில் ஏறி, ஊதாமலேயே குழல் ஊளையிடும். ஆகவே வாசிப்பு நேரத்தில் ஃபேனை நிறுத்திவிடுவோம். மே மாதம். ஜன்னலையும் சாத்திக்கொண்டு, கழுத்தில் வியர்வை வழிய, தம்பி அந்த நாலைந்து சுரத்துக்காக மூச்சை அளந்து அளந்து ஊதுவான். பாட்டி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, புல்லாங்குழல் வகுப்பில் சேர்த்துவிடலாமே என்று அப்பாவிடம் சொன்னாள்.

ஸ்பிரிட் டிராக்ஸில் கோயிலுக்குப் பதில் கோபுரம். முன்னதைப் பற்றி வந்த புகார்களையெல்லாம் கேட்டுச் செய்ததுபோல் இருக்கும். மணற்கடிகை இல்லை. ஏறிய தளத்தை மறுபடி ஏற வேண்டாம், விட்ட இடத்திலிருந்து மேலே போகலாம். ஃபேன்டம்கள் இங்கும் உண்டு. ஆனால் ஒளித்துளிகள் மூன்றைச் சேர்த்தால் லிங்க்கின் வாளுக்கு வலு வரும், பின்பக்கமாகப் போய் ஒரு வெட்டு வெட்டினால் கவசம் சமைந்து நிற்கும். அந்தக் காலிக் கவசத்துக்குள் செல்டா புகுந்துகொள்வாள். அதன்பிறகு நாம் கோடு வரைந்தால் அவள் அந்த வழியே நடப்பாள். நெருப்புக் குழம்பின் நடுவே இறங்கி, தலைக்குமேல் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து லிங்க்கைச் சுமந்து போவாள். அவ்வளவு பெரிய இரும்பு உடம்பில் இருந்துகொண்டு எலியைக் கண்டால் அலறுவாள்.

இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருப்பது இந்த ஒரு மாற்றம்தான். முதல் ஆட்டம் முழுக்க எந்த உருவத்துக்குப் பயந்து சந்துபொந்தெல்லாம் ஒளிந்தோமோ, இரண்டாவதில் அதே உருவம் நம் துணை. அது மட்டுமா? முதலில் டெட்ரா கதையின் பெரும்பகுதியும் சிலையாகக் கிடக்கிறாள், மற்றவர்கள் அவளுக்காக அலைகிறார்கள். அவள் வழிவந்த இந்தச் செல்டா உடம்பையே இழந்தும் நிற்காமல் கூட வருகிறாள், கோபப்படுகிறாள், தர்க்கம் செய்கிறாள், முன்னால் நின்று அடி வாங்குகிறாள். இளவரசி என்றால் காத்திருப்பவள் என்று பழகிப்போன வரிசையில் அது சின்ன விஷயமில்லை. செய்நேர்த்தி என்று பார்த்தால் இரண்டாவதுதான் ஒருபடி மேல். புதிர்கள் இன்னும் கூர்மை, அந்த ரயில் பாட்டு கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். இதை நான் மறுக்கவில்லை.

இருந்தாலும் ஸ்பிரிட் டிராக்ஸை நான் விளையாடியதெல்லாம் முன்னதைத் தேடிக்கொண்டுதான். ஆட்டமும் அதை அறிந்தே இருந்தது. அரண்மனைக்குள் நுழைந்தால் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் டெட்ரா நிற்கிறாள், நாட்டைத் தொடங்கிவைத்த மூதாட்டியாக. கடைவைத்திருக்கும் மூன்றாம் லைன்பெக்கைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அதே முகம், அதே சவடால், தாத்தா விட்டுப்போன புதையல்மேல் அதே கண். அவனிடம் பேசிவிட்டு வந்த தம்பி, “அப்ப பழைய லைன்பெக் செத்துட்டாராக்கா?” என்று கேட்டான். நூறு வருஷம் ஆச்சுடா என்றேன். ரொம்ப நேரம் அவன் ரயிலை நகர்த்தவில்லை. ஊர் ஊராய் முத்திரை சேகரித்துக்கொண்டு போய்க் காட்டினால், கிழவன் நீகோ ஒரு பழைய கேடயத்தை எடுத்துத் தருவான். முன்பொரு காலத்தில் அவனுடைய நண்பன் வைத்திருந்தது. யாருடையது என்று எங்களுக்கு மட்டும் தெரியும், புது லிங்க்குக்குத் தெரியாது.

எவ்வளவோ போய்விட்டது. ஃபேன்டம் ஹவர்கிளாஸில் இணையம் வழியே முகம் தெரியாத யாரோடும் மோதலாம். ஒருவர் லிங்க்காக ஓட, மற்றவர் கோடு வரைந்து ஃபேன்டம்களை ஏவுவார். 2014 மே 20-ஆம் தேதி நின்டெண்டோ அந்தச் சேவையை நிறுத்தியது. இரண்டு திரை என்ற யோசனைக்கு விதை போட்ட பழைய தலைவர் ஹிரோஷி யமாவுச்சி 2013-இலும், டிஎஸ் காலத்தில் நிறுவனத்தை நடத்திய சதோரு இவாடா 2015-இலும் மறைந்தார்கள். டிஎஸ் அட்டைகளைப் படிக்கத் தெரிந்த கடைசிக் குடும்பம் 3டிஎஸ். அதன் உற்பத்தி 2020-இல் நின்றது. வீ யூ கருவிக்கு இந்த இரண்டு ஆட்டங்களையும் கொண்டுவந்தார்கள். அதன் இணையக் கடையும் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. இப்போதைய கருவிகளில் திரை ஒன்றுதான். மூடுவதற்கு மேல்திரை என்று ஒன்றில்லை. 2013-இல் வந்த 2டிஎஸ்ஸிலேயே கீல் கிடையாது, பலகைபோல் இருக்கும். மூடுவதற்குப் பதிலாகக் கீழே ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தார்கள். அதைத் தள்ளினாலும் முத்திரை பதியும். பதியும்தான், ஆனால் தோசைக்காக ஓடிய ஒரு குழந்தைக்கு அந்த விடை தற்செயலாக வாய்க்காது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எங்கள் டிஎஸ்ஸைப் பரணிலிருந்து இறக்கி சார்ஜ் போட்டேன். எழுந்துகொண்டது. பழைய கேம்பாய் அட்டைகளில் சேமிப்பைக் காத்தது ஒரு பேட்டரி, அது தீர்ந்தால் எல்லாம் அழிந்துபோகும். டிஎஸ் அட்டைகளில் அந்தக் கவலை இல்லாததால் எங்கள் சேமிப்பு அப்படியே இருந்தது. கோயில் வரைபடத்தைக் கீழே இறக்கினேன். ‘பொம்ம நிக்குது’ அங்கேயே இருந்தது. அடுத்த தளத்தில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ‘அக்கா மெதுவா’. போனில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் இப்போது வேலை பார்க்கும் ஊரில் நள்ளிரவு. உடனே அழைத்தான். உடைந்து, முற்றி, எனக்கு இன்னும் முழுதாகப் பழகாத அந்தக் கனத்த குரலில் முதலில் கேட்டது, “ஸ்பிரிட் டிராக்ஸ் அட்டை எங்க?” என்றுதான்.

கோபுரம்தான் சிறந்தது என்று இன்றைக்கும் வாதாடுகிறான். ஏறியதை மறுபடி ஏறவேண்டாம், அதுதானே முறை என்கிறான். எனக்கு அந்த மணலும் அந்தத் தளங்களும்தான் வேண்டும் என்றேன். முதல் தளத்திலிருந்து மறுபடி இறங்கப்போகிறேன், லீவில் வந்தால் மேல்திரையை நீ பார்த்துக்கொள் என்றேன். பார்க்கிறேன், ஆனால் ரயிலில் நான்தான் டிரைவர், நீ கயிற்றைத் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டான்.